ஏழாங்கட்டைத் தோட்டத்து ஆறு மணி

சென்ற செவ்வாய்க்கிழமைக் கூட்டக் குறிப்பில் திருத்தம் ஏதும் உண்டா என்று மாவட்ட அதிகாரி லாத்தம் துரை கேட்கிறார். கேட்டுக்கொண்டே அடுத்த தாளைப் புரட்டுகிறார், ஏனென்றால் திருத்தம் இருக்காது, மூன்று வருஷமாக இருந்ததில்லை, பெரிய கிராணி சவரிராயன், அதாவது தலைமைக் குமாஸ்தாவான நான், எழுதிய குறிப்பில் யாரும் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொட்டதில்லை என்பதுதான் இந்த மாவட்ட ஆபீசில் எனக்கு இருக்கும் ஒரே பெருமை. மேஜர் பிரெண்டிஸ் இல்லை என்கிறார். போலீஸ் சூப்பரிண்டெண்ட் டன்மோர் வாயிலிருந்து பைப்பை எடுக்காமலே தலையை ஆட்டுகிறார். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று எழுதுகிறேன். சுவர்க் கடிகாரத்தில் மணி எட்டு ஆறு. எழுதிய பிறகுதான் உறைக்கிறது, இதுதான் வாசல், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் மேசை மூலையில் உட்கார்ந்திருக்கிற நானும் வாய் திறந்திருக்கலாம், குறிப்பு என்னுடையது, திருத்தமும் என்னுடையதாக இருக்கலாம், நீ ஏன் பேசுகிறாய் என்று யாரும் கேட்க முடியாது. மூன்றாம் பக்கம், ஏழாவது தீர்மானம்: ஆர்ட்லோ எஸ்டேட்டில் ஊரடங்கு காலை ஐந்து மணியோடு முடிவதற்குப் பதிலாக இனி ஆறு மணியோடு முடியும். அதில் ஒரு திருத்தம், துரை. எந்த ஆறு மணி என்று எழுதாமல் விட்டுவிட்டேன். ஒரே ஒரு வரி. அதற்குள் லாத்தம் துரை இரண்டாவது விஷயம் என்கிறார், வாசல் மூடிக்கொண்டது, என் பென்சில் லாரிகள் என்று தலைப்பு எழுதி அடிக்கோடு போடுகிறது.

லாரிகள். ராணுவத்திடம் லாரி இருக்கிறது, ஓட்ட ஆளில்லை. போலீசிடம் ஆளிருக்கிறது, லாரி இல்லை. எங்கள் சிவில் பக்கத்திடம் இரண்டுமில்லை, பெட்ரோலுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டும் இருக்கிறது. கால் மணி நேரம் இதைப் பேசுவார்கள். இந்தக் கூட்டத்துக்குக் காலைப் பிரார்த்தனை என்று அவர்களே செல்லப்பேர் வைத்திருக்கிறார்கள். மாதா கோயிலில் ஆறு மணிப் பூசை கண்டுவிட்டு நேராக ஆபீஸ் வருகிறவன் நான், முதல் தடவை அந்தப் பேரைக் கேட்டபோது நெஞ்சில் சுருக்கென்றது, இப்போது இல்லை, எதுவும் நாலு வாரத்தில் பழகிவிடுகிறது, பழகிவிடுகிறது என்பதுதான் என்னிடம் எனக்குப் பிடிக்காத குணம். இன்று காலை படியேறும்போது பியூன் சேகு மொய்தீன் தேநீர்த் தட்டோடு குறுக்கே வந்து, “பெரிய கிராணி, துரைமாரு தொழுகைக்கு உக்காந்துட்டாங்க, வெரசாப் போங்க. இமாம் யாருங்கிறதுதான் இன்னும் முடிவாகல” என்றான். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். நாகூரிலிருந்து வந்து இருபது வருஷம் தேநீர் சுமந்தவனுக்குப் புரிந்துவிட்டது, கோலாலம்பூரிலிருந்து இரகசியம் என்று முத்திரை குத்தி வருகிற சுற்றறிக்கைகள் இன்னும் அதைத்தான் விளக்கிக்கொண்டிருக்கின்றன. எதிர்ச் சுவரில் தொங்குகிறதே, அந்தப் படம் நான் வரைந்தது. மாவட்டப் போர் நிர்வாகக் கமிட்டி, அமைப்பு முறை. நடப்பதைப் போர் என்று சொல்லக் கூடாது, அவசரகாலம் என்றுதான் சொல்ல வேண்டும், கமிட்டியின் பேரில் மட்டும் போர் இருந்துகொள்ளலாம். மேலே தலைமை, கீழே மூன்று பெட்டி, ராணுவம், போலீஸ், சிவில். மூன்று பெட்டிக்கும் மேலிருந்து தனித்தனியாக முழுக்கோடு இறங்குகிறது. பக்கவாட்டில் மூன்றையும் இணைப்பது புள்ளிக்கோடு. முழுக்கோடு என்றால் உத்தரவு. புள்ளிக்கோடு என்றால் கேட்டுக்கொள்ளலாம், கட்டாயமில்லை. இந்திய மையில், இரும்பு அடிக்கோலை வைத்து, ஒரு நடுக்கமில்லாமல் போட்டேன், மேஜர் தோளைத் தட்டினார். அடியில் எஸ்டேட்டுகள் என்று ஒரு பெட்டி. அதற்குக் கீழே தாள் முடிந்துவிட்டது. முடிந்துவிட்டதா, நான் முடித்துவிட்டேனா? அந்தப் பெட்டிக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு சங்கதி போய்ச் சேர வேண்டுமென்றால் அது யார் வேலை என்று ஒரு கோடும் சொல்லவில்லை. வரைந்தவனுக்கே அது கண்ணில் படவில்லை, அல்லது பட்டு, அழகாக வந்த படத்தைக் கெடுப்பானேன் என்று விட்டிருக்கிறேன்.

ஜப்பான்காரன் போன பிறகு ஏழு மாசம் இதே அறையில், இதே நாற்காலியில், ஒரு கர்னல் உட்கார்ந்திருந்தார். ராணுவ நிர்வாகம். அரிசி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தபால், எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர் கையெழுத்துதான். பாதி உத்தரவு தப்பு. ஆனாலும் தப்பு யாருடையது என்று தெரியும், எழுதினால் ஒரு பேருக்கு எழுதலாம். அதற்கு ஏங்குகிறேனா? சிப்பாய் ஆட்சிக்கு ஏங்குகிற கிழவனாக ஆகிவிட்டேனா? இல்லை. எனக்கு எரிச்சலாக இருப்பது வேறு. இந்த மூன்று பேரும் படித்தவர்கள், கெட்டவர்களும் அல்ல, லாத்தம் துரைக்கு மலாய் வரும், தமிழ்கூட நாலு வார்த்தை வரும், மேஜர் தன் சிப்பாய்களின் தாய்மார்களுக்குத் தானே கடிதம் எழுதுகிறவர். மூன்று நல்லவர்கள் வாரந்தோறும் கூடி, ஒருவர் தாளை ஒருவர் பார்த்து, முறைப்படி ஒரு மனிதனைக் கொன்றிருக்கிறார்கள். நாலாவதாக ஒரு பென்சிலும் இருந்தது.

வெள்ளிக்கிழமை. மேஜர் கேட்டபடி ஊரடங்கை ஒரு மணி நேரம் நீட்டியாகிவிட்டது, காட்டோரத்து ரப்பர் மர நிரைகளில் ஆறு வரைக்கும் பதுங்கிக் காத்திருக்கச் சிப்பாய்களுக்கு அது தேவை என்றார், காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகிற வழி அதுதானாம். நாலு மொழியில் அறிவிப்பு. தமிழ் அறிவிப்பு நான் எழுதியது. காலை ஆறு மணி வரை எவரும் லயத்தை விட்டு வெளியேறலாகாது, மீறினால் சுடப்படுவர். நல்ல தமிழ். ஆர்ட்லோ எஸ்டேட் என்பது இவர்களுக்குத்தான், எங்களுக்கு அது ஏழாங்கட்டைத் தோட்டம், டவுனிலிருந்து ஏழாவது மைல்கல். அங்கே தோட்டத்துத் துரை விடுப்பில் போயிருந்தார், ஆபீஸ் கிராணி அறிவிப்பை ஒட்டினார், ஆட்களை நிறுத்திப் பேர் எடுக்கும் பெரட்டு மணியை ஆறுக்குத் தள்ளி வைத்தார், எழுதியிருந்ததை எழுத்துத் தவறாமல் செய்தார். வெள்ளிக்கிழமை விடியுமுன்னே, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் ஆறு அடித்தார்கள். பாலுக்கு மரம் வெட்டப் போகிறவர்கள் பேர் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். மருதை என்கிறவனுக்குக் கடைசி நிரை, காட்டையொட்டி, தூரம் அதிகம் என்று எல்லோருக்கும் முன்னால் விறுவிறுவென்று போனான். ராணுவத்தின் தாளில் சுட்ட நேரம் ஐந்து நாற்பத்தொன்று. அவன் கையில் ஒரு பால் டப்பா நிறையச் சர்க்கரை போட்ட தேத்தண்ணி, துணியில் அவித்த மரவள்ளி இரண்டு துண்டு. போலீசின் தாளில் அது உணவுப் பொருள். சிவிலின் தாளில், என் கையெழுத்தில், அது சம்பவம். ஆர்ட்லோ சம்பவம், நாலாவது விஷயம். சம்பவம் என்று ஒரு சொல் இருக்கிறதே, யாரோ செய்ததாகவே தெரியாது, மழை பெய்த மாதிரி.

மூன்றாவது விஷயம், பாலம். பாலத்துக்கு யார் காவல். எழுதுகிறேன். ஜன்னல் வழியாக வெளி நடையில் போட்டிருக்கும் பெஞ்சு தெரிகிறது, பெஞ்சில் அவள். மருதையின் பெண்சாதி செம்பாயி. பக்கத்தில் ஒரு மலாய்ப் போலீஸ்காரர் நின்றுகொண்டு வெயிலைப் பார்க்கிறார். வெள்ளிக்கிழமையிலிருந்து லாக்கப்பில் வைத்திருக்கிறார்கள், கமிட்டி கேட்டால் காட்டுவதற்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டும் பக்கத்து வீட்டில். அவள் செய்த குற்றம் உண்மை பேசியது. எத்தனை மணிக்குப் புருஷன் போனான் என்று கேட்டிருக்கிறார்கள், ஆறு அடித்த பிறகு என்றாள். ஐந்து நாற்பத்தொன்றுக்குச் செத்தவன் ஆறு அடித்த பிறகு எப்படிப் போவான்? ஆகவே பொய். அதே லயத்து வரிசை வீடுகளில் பதினேழு பேரைக் கேட்டார்கள், பதினேழு பேரும் ஆறு அடித்த பிறகு என்றார்கள். டன்மோர் துரை அதைக் கேட்டுச் சிரித்ததாகச் சொன்னார்கள், சாட்சிகள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்தால் யாரோ பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறான் என்றாராம். உண்மையைச் சொல்ல யாரும் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மணியடித்தவனைக் கேட்டால் அவனும் ஆறு என்கிறான். கிராணியும் ஆறு என்கிறார். எல்லோரும் உண்மை. சிப்பாயும் உண்மை, அவன் கைக்கடிகாரம் ராணுவ வானொலியோடு சரிபார்த்தது. காலையில் நான் படியேறி வரும்போது அவள் எழுந்து நின்றாள். யார் என்று தெரியாமல், வேட்டி சட்டைமேல் கோட்டுப் போட்டவன் என்பதற்காக எழுந்து நின்றாள். “கிராணியய்யா, மணியடிச்ச பெறகுதாங்க போனாரு. அவங்க நம்ப மாட்டேங்குறாங்க. நீங்களாச்சும் சொல்லுங்க” என்றாள். சொல்கிறேன் என்று சொல்லவில்லை. கேட்ட பாவனைகூடக் காட்டாமல், கோட்டுப் பொத்தானைச் சரி செய்துகொண்டு உள்ளே வந்துவிட்டேன். ஐம்பத்துமூன்று வயசில் எனக்குக் கைவந்த ஒரு வித்தை அது.

எனக்குத் தெரியும். எப்போதிருந்து தெரியும் என்பதில்தான் சிக்கிக்கொள்கிறேன். ஏழாங்கட்டைத் தோட்டத்துக் கடிகாரம் டவுனுக்கு அரை மணி முன்னே ஓடும். தோட்ட நேரம் என்பார்கள். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும், குளிர்ச்சியிலேயே வெட்டி முடிக்க வேண்டும், ஆட்களை அரை மணி முன்னால் எழுப்புவதற்கு முன்னால் எழுந்திரு என்று சொல்வதைவிடக் கடிகாரத்தைத் திருப்பிவிடுவது சுலபம். லயத்தில் யாரிடமும் கடிகாரம் இல்லை. தண்டவாளத்தில் ஆறு அடித்தால் ஆறு. இந்த ஊரில் நேரத்தை ஒவ்வொருத்தனும் திருப்பியிருக்கிறான், ஜப்பான்காரன் வந்து ஒன்றரை மணி முன்னே தள்ளி தோக்கியோவோடு சேர்த்தான், வெள்ளைக்காரன் திரும்பி வந்து பின்னே இழுத்தான், டவுன் நேரம் எங்கே போனாலும் தோட்டம் அதற்கு அரை மணி முன்னால் போய் நின்றுகொள்ளும். தோட்டத்து ஆபீஸ் அறையில் ஒரு ஸ்டூல் இருந்தது, ஒரு கால் குட்டை, அடியில் அட்டை மடித்து வைத்திருப்பார்கள். ஸ்டூலை எதற்கு நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமை இதே மேசையில் ஆறு மணி என்று எழுதும்போது என் பென்சில் நின்றது. நின்றதா? அல்லது இன்றைக்கு நான் அதைப் பிடித்து நிறுத்திப் பார்க்கிறேனா? நின்றது என்றே நினைக்கிறேன், எந்த ஆறு என்று ஒரு நொடி ஓடியது, பிறகு, அங்கே நான் கிராணியாக இருந்தது இருபது வருஷத்துக்கு முன்னால், இப்போது சரி செய்திருப்பார்கள் என்று என்னையே சமாதானப்படுத்தி, கேட்காமல் விட்டேன். கேட்டால் என்ன ஆகும்? போன வருஷம் ஒரு தடவை அரிசிக் கூப்பன் பற்றிக் குறுக்கே பேசியபோது டன்மோர் துரை, பென்சில்கள் பேசுவதில்லை என்றார், மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக ஒருத்தன் செத்தான் என்று சொன்னால் பெரிய வார்த்தை. ஆனாலும் கணக்காக அதுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமை தெரியாமல் ஒரு துண்டு இறைச்சி சாப்பிட்டுவிட்டேன், சாமி, என்று முழந்தாளிட்டுச் சொன்னேன். புலால் தொடக் கூடாத வெள்ளிக்கிழமை, எனக்கு அதுதான் பாவம். சாமியார் மூன்று மந்திரம் சொல்லச் சொன்னார், சொன்னேன், மனசு லேசானது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே தோட்டத்து டிரஸ்ஸர் நின்றிருந்தார், ஆஸ்பத்திரி லயத்தில் மருந்து கட்டுகிறவர். நேரம் என்ன என்று கேட்டேன். கோயில் கோபுரத்துக் கடிகாரம் என் தலைக்கு மேலே ஏழேகால் காட்டுகிறது, அவர் மணிக்கட்டைத் திருப்பி, ஏழே முக்கால் என்றார், பிறகு தானே சிரித்து, இது தோட்ட நேரம் கிராணி என்றார். அவர் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். அதன் பிறகு இரண்டு நாள். ஞாயிறு, திங்கள். லாத்தம் துரையின் பங்களா என் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். திங்கட்கிழமை தபால் முழுவதும் பார்த்தேன், டைப்ரைட்டர் ரிப்பனை மாற்றினேன், மை கரைத்தேன். அவள் லாக்கப்பில் இருந்தாள். செம்பாயி. அந்தப் பேரை நானே எழுதியிருக்கிறேன், இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், ஏழாங்கட்டைத் தோட்டத்துப் பிறப்புப் பதிவில், பெண், தாயும் சேயும் நலம். அங்கே பிறந்து அங்கேயே மரம் வெட்டுகிறவள்.

நாலாவது விஷயம் என்கிறார் லாத்தம் துரை. ஆர்ட்லோ. மேஜர் சுருக்கமாகச் சொல்கிறார், குரலில் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. டன்மோர் துரை வாக்குமூலங்களை வரிசையாக வைக்கிறார். மனைவி தெரிந்தே பொய் சொல்கிறாள், உடந்தை, தடுப்புக்காவல், பிறகு பிள்ளைகளோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றப் பரிந்துரை. லயத்துக்கு ஒரு மாதம் அரிசிப் பங்கைப் பாதியாக்கலாம். லாத்தம் துரை நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, இந்தியாவில் அவளுக்கு யார் என்று கேட்கிறார். யாரோ இருப்பார்கள் என்கிறார் டன்மோர் துரை. யாரோ இருப்பார்கள். பிறந்ததிலிருந்து ரப்பர் மரத்தையும் இந்தச் செம்மண் ரோட்டையும் தவிர வேறெதையும் காணாத ஒரு பெண்ணுக்கு, கப்பல் போய் நிற்கிற இடத்தில் யாரோ இருப்பார்கள். என் காதுக்குள் சூடாக ஏதோ ஏறுகிறது, பயம் என்றுதான் முதலில் நினைத்தேன், பயத்துக்கு இவ்வளவு சூடு கிடையாது. பரிந்துரைக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள் ராயன் என்கிறார் லாத்தம் துரை. பென்சில் நிற்கிறது. இந்தத் தடவை சந்தேகமில்லை, நிற்கிறது. எழுதிவிட்டீர்களா என்று மறுபடி கேட்கிறார். எட்டு முப்பத்தொன்று.

“தோட்டத்துக் கடிகாரம் அரை மணி முன்னால் ஓடுகிறது, துரை. அவர்களுடைய ஆறு மணி நம்முடைய ஐந்தரை.” என் இங்கிலீஷ் எனக்கே யாருடையதோ போலக் கேட்கிறது. மேஜர் முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார், பிறகு தன் கையை, பிறகு ஐந்து நாற்பத்தொன்று என்று எழுதிய தாளை. அவர் முகம் வெளுக்கிறது, அதை நான் பார்க்கிறேன், அதற்காக அவரை மன்னிக்க மாட்டேன் என்று ஏனோ உறுதி செய்துகொள்கிறேன். எவ்வளவு நாளாக என்று டன்மோர் துரை கேட்கிறார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறிலிருந்து என்கிறேன். போன செவ்வாய்க்கிழமை உங்களுக்கு இது தெரியுமா என்று கேட்கிறார் லாத்தம் துரை. தெரியும் என்கிறேன். நின்றதா நிற்கவில்லையா என்று இனிமேல் நான் ஆராய வேண்டியதில்லை. பிறகு என்னை விட்டுவிடுகிறார்கள். அறிவிப்பு சிவில் பக்கத்தின் வேலை, அதைச் சரிபார்த்திருக்க வேண்டியது சிவில் என்கிறார் டன்மோர் துரை. எஸ்டேட்டுக் காவல் போலீசின் வேலை, உங்கள் ஆட்கள் தினமும் அங்கே போகிறார்கள், ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லையா என்கிறார் லாத்தம் துரை. அந்த ஒரு மணி நேர நீட்டிப்பைக் கேட்டது ராணுவம் என்று இருவரும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். மூன்று பேரும் சுவரைப் பார்க்கிறார்கள், நான் வரைந்த படத்தை. புள்ளிக்கோடுகள் அழகாக இருக்கின்றன. மருதையின் பேரை இந்த அறையில் இதுவரை யாரும் சொல்லவில்லை, இறந்தவர் என்கிறார்கள், செம்பாயியை மனைவி என்கிறார்கள்.

கடைசியில் லாத்தம் துரை முடிவு சொல்கிறார். பரிந்துரையை நிறுத்திவைப்பது. மத்தியானம் ஒரு இன்ஸ்பெக்டர் சரியான கைக்கடிகாரத்தோடு போய்த் தோட்டத்துக் கடிகாரத்தைச் சோதித்து எழுதித் தருவது. அதுவரை அவள் காவலில் இருப்பது. நியாயமாகத்தான் இருக்கிறது, மூச்சு விடுகிறேன். அதே சமயம் மேஜர் எழுந்து ஓரத்து மேசைக்குப் போய் ராணுவ டெலிபோனைச் சுற்றுகிறார். தோட்ட ஆபீசைக் கொடு. யார் பேசுவது, கிராணியா, உங்கள் கடிகாரத்தை இந்த நிமிஷமே முப்பது நிமிஷம் பின்னே வையுங்கள், காத்திருக்கிறேன். காத்திருக்கிறார். கம்பிக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தத்தை நான் கற்பனை செய்கிறேன், அல்லது ஸ்டூல். நன்றி என்று சொல்லி மேஜர் வைக்கிறார். முடிந்தது, நாலு நிமிஷம் என்கிறார், அவர் குரலில் ஒரு நிம்மதி, இந்த மாவட்டத்தில் ஒரு உத்தரவு இவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்ததே இல்லை. மற்ற இரண்டு பேரும் தலையசைக்கிறார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. மத்தியானம் இன்ஸ்பெக்டர் போவார். கடிகாரத்தைப் பார்ப்பார். சரியாக இருக்கும். சரியாக இருக்கிறது என்று எழுதுவார், நாலு பிரதி எடுப்பார், முழுக்கோடு வழியாக அது மேலே போகும், பதினேழு பொய்யர்களோடு பதினெட்டாவதாக ஒரு கிழட்டுக் கிராணியும் சேருவான், தன் சனத்துக்காகக் கதை கட்டினான் என்று. கெட்ட எண்ணத்தால் அல்ல. ஒருவர் சோதிக்கச் சொன்னார், ஒருவர் திருத்திவிட்டார், இருவரும் ஒரே மேசையில், மூன்றடி தூரத்தில். மனிதனைக் கொன்றதும் இதே முறைதான். அவன் உயிரைக் காக்க மூன்று நாள் போதவில்லை, அவன் சாட்சியை அழிக்க நாலு நிமிஷம் போதும்.

சொல்லிப் பயனில்லை, சொன்னால் மறுபடி படத்தைப் பார்ப்பார்கள். எழுதுகிறேன். பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவில் எழுதுகிறேன். காலை 8.41. அதுவரை டவுன் நேரத்துக்கு முப்பது நிமிஷம் முன்னே ஓடிய ஆர்ட்லோ எஸ்டேட் கடிகாரம், மேஜர் பிரெண்டிஸ் டெலிபோனில் இட்ட உத்தரவின்படி நாலு நிமிஷத்தில் பின்னே வைக்கப்பட்டது. ஆகவே மணியடித்த பிறகே தன் கணவர் மருதை வெளியே போனார் என்று செம்பாயி சொன்னது உண்மை. கடிகாரம் பற்றிப் பெரிய கிராணி சவரிராயனுக்கு முன்பே தெரியும். எழுந்து போய் அதை லாத்தம் துரையின் முன்னால் வைத்து, இப்போதே கையெழுத்து வேண்டும் என்கிறேன். குறிப்பில் அடுத்த வாரம் கையெழுத்திடுவதுதான் முறை என்கிறார். “அடுத்த வாரம் அவள் எந்தத் தடுப்பு முகாமில் இருப்பாளோ, துரை. மத்தியானம் இன்ஸ்பெக்டர் போய்ப் பார்க்கும்போது அந்தக் கடிகாரம் சரியாக இருக்கும்.” அவருக்குப் புரிய ஒரு நொடி ஆகிறது. மேஜர் டெலிபோனைத் திரும்பிப் பார்க்கிறார். லாத்தம் துரை குரலைத் தாழ்த்தி, கடைசி வரி அவசியமா ராயன், ஓய்வு பெற உங்களுக்கு இரண்டு வருஷம்தானே இருக்கிறது என்கிறார். அக்கறையோடுதான் கேட்கிறார், அதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்புகிறது. அந்த வரி இல்லாவிட்டால் முதல் வரிக்குச் சாட்சி இருக்காது, துரை, என்கிறேன். தாளின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. மூன்று பேர், ஒரு தாள். முதலில் யார் போடுவது? லாத்தம் துரை டன்மோர் துரையைப் பார்க்கிறார், அவர் மேஜரைப் பார்க்கிறார். மொய்தீன் காலிக் கோப்பைகளை எடுக்க வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். மேஜர்தான் கடைசியில் தாளைத் தன் பக்கம் இழுத்தார். நாலு நிமிஷத்தில் என்ற இடத்தை இரண்டு தடவை படித்தார், படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வெட்கத்தால் போட்டாரா, அந்த நாலு நிமிஷத்தின் பெருமைக்காகப் போட்டாரா, எனக்குத் தெரியாது, எனக்கு வேண்டியது மை. அவர் போட்ட பிறகு மற்ற இருவருக்கும் வழியில்லை. இனி இன்ஸ்பெக்டர் போக வேண்டாம், அவளை விட்டுவிடலாம் என்று டன்மோர் துரை பைப்பைத் தட்டிக்கொண்டே சொன்னார். ஐந்தாவது விஷயம், தண்ணீர்க் குழாய். மொய்தீனைப் பார்த்துத் தலையசைத்தேன், தட்டை வைத்துவிட்டு எனக்குப் பதிலாக என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான், அவனுக்கு எழுதத் தெரியாது, ஆனால் நின்றான். நான் வெளியே வந்தேன்.

அவள் எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை, நான் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன், அதன் பிறகு அவளும் ஓரமாக உட்கார்ந்தாள். போலீஸ்காரர் எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ சொன்னது நிஜம் என்று எழுதியாகிவிட்டது, மூன்று துரைகளும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, அவர் ஒளிந்து போகவில்லை என்றும் எழுதினார்களா என்று கேட்டாள். எழுதியாகிவிட்டது என்றேன். அப்படியானால் தப்பு எதில் என்றாள். கடிகாரத்தில், அரை மணி முன்னால் வைத்திருந்தார்கள் என்றேன். வைத்திருந்தார்கள். அந்தச் சொல் வாயை விட்டு வெளியே வந்ததும் ஸ்டூல் ஆடியது, குட்டைக் கால், மடித்த அட்டை, கண்ணாடிக் கதவைத் திறந்ததும் வந்த எண்ணெய் வாடை, கீழே பழைய துரை சுருட்டோடு நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும் என்று சொன்னது, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமான கிராணியின் விரல் முள்ளைத் தள்ளியது.

“அத யாருங்கய்யா அப்புடி வச்சது?”

பழைய துரை என்று சொல்லலாம். உண்மைதான். உத்தரவு அவருடையது, அவர் செத்து மண்ணாகிவிட்டார், கோடு மேலே போய் அவரிடம் முடிந்துவிடும், இவளுக்கும் யாரோ ஒரு வெள்ளைக்காரனைத் திட்டுவது சுலபமாக இருக்கும். உள்ளே தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசுகிறார்கள், ஒருவர் சிரிக்கிறார்.

“நான்தாம்மா. இந்தக் கையாலதான்.”

அவள் என் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான், வெகுநேரம். உள்ளே சுவர்க் கடிகாரம் அடிக்க ஆரம்பித்தது. அவள் உதடு அசைந்தது, ஒவ்வொன்றாக எண்ணினாள்.

“இப்ப எங்க தோட்டத்துலயும் ஒம்பதுதானுங்களா?”

ஒன்பதுதான் என்றேன். சரியாக ஒன்பது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சரியாக என்பது வரவில்லை.